சுளுக்கு என்று எண்ணிய மூன்று நாள்

வியாழக்கிழமை காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது என் தம்பி சண்முகத்தின் வலது முழங்கால். பாயில் மல்லாந்து கிடந்தான். இடது கால் நேராக நீண்டிருந்தது. வலது கால் மட்டும் மடங்கி, முழங்கால் மேலே தூக்கி நின்றது. விழித்துத்தான் இருந்தான்.

"காலை நீட்டிப் படேம்லே" என்றேன்.

"நீட்ட முடியலண்ணே. இடுப்புக்குக் கீழ பிடிச்சு இழுக்குது."

மணியைப் பார்த்தது அவனுக்காக அல்ல. சென்னைத் தினசரி ஒன்றுக்கு நான் தென்காசி நிருபர். சாரல் மாதங்களில் காலை ஆறு மணிக்குள் சைக்கிளில் குற்றாலம் போய், அருவியில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது, கூட்டம் எப்படி என்று பார்த்துத் தந்தி கொடுக்க வேண்டும். எங்கள் வீடு மேலகரத்தில், குற்றாலம் போகும் சாலையை ஒட்டி இருந்தது. அன்று புறப்பட ஏற்கனவே பத்து நிமிடம் பிந்திவிட்டது.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு அது. சண்முகத்துக்கு வயது இருபத்திரண்டு. போலீஸுக்கு ஆள் எடுத்தபோது உயரத்திலும் மார்பளவிலும் ஓட்டத்திலும் தேறிவிட்டான். டாக்டர் பரிசோதனை மட்டும் பாக்கி. அது பன்னிரண்டு நாள் கழித்துத் திருநெல்வேலியில். அதற்காக இரண்டு வாரமாகத் தினமும் விடியற்காலையில் சாலையில் ஓடிக்கொண்டிருந்தான். ஆகவே இடுப்பில் பிடிப்பு என்றதும் வீட்டில் யாருக்கும் வியப்பு இல்லை. ஓடினான், சுளுக்கிக்கொண்டது.

எங்கள் வீட்டில் சுளுக்குக்கு வைத்தியன் நான்தான். பிறக்கும்போது தலைக்குப் பதில் எனக்குக் கால் முதலில் வந்தது. அப்படிப் பிறந்தவன் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெறும் வயிற்றில், தொடர்ந்து மூன்று நாள் காலை, வலிக்கிற இடத்தில் மூன்று முறை பாதத்தை வைத்து அழுத்த வேண்டும். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போதே இலத்தூரிலிருந்தும் ஆய்க்குடியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வளர்ந்த பிறகு எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. சாதாரணப் பிடிப்பு எதுவானாலும் மூன்று நாளில் தானே விட்டுவிடும், அந்தப் பெயர் என் காலுக்கு வந்து சேருகிறது என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனாலும் வாசலில் வந்து நிற்பவரிடம் முடியாது என்று சொன்னதில்லை. கெடுதல் ஒன்றும் இல்லையே என்று நினைத்தேன்.

அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள்.

"ராத்திரி ரெண்டு தடவை வாந்தி எடுத்தான். பலாச்சுளையைக் கணக்கில்லாமத் தின்னா வயிறு என்ன செய்யும்? எண்ணெய் குடுத்தா எல்லாம் எறங்கிரும்."

"வயித்துலயும் வலிக்கா?" என்று அவனைக் கேட்டேன்.

"நேத்துச் சாயங்காலம் தொப்புளைச் சுத்தி வலிச்சுது. இப்போ அது இல்ல. இங்கன மட்டுந்தான்." வலது இடுப்பெலும்புக்கு உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டினான்.

என் மனைவி கோமதி விளக்குமாறும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். "வயித்துக்கும் காலுக்கும் ஒரே நாள்ல வந்திருக்கே. ஒரு எட்டு டாக்டரைப் பாத்துட்டு வந்தா என்ன?" என்றாள்.

"உங்க ஊர்ல தும்மினாலும் டாக்டர்தானா?" என்றாள் அம்மா.

சண்முகமும் சம்மதிக்கவில்லை. "மதினி, நீங்க சும்மா இருங்க. ஆஸ்பத்திரி நோட்டுல பேரு ஏறினா நாளைக்குப் போலீஸ் டாக்டர் இது என்னன்னு கேப்பாரு. ஒரு சுளுக்குக்கு வேலையை விடச் சொல்லுதீகளா?"

இப்படியாக நாங்கள் ஒரு நோயை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். வயிறு அம்மாவுக்கு, கால் எனக்கு. இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று சொன்னவள் வீடு பெருக்கப் போய்விட்டாள்.

குப்புறப் படுக்கச் சொன்னேன். அவனால் முடியவில்லை. முதுகிலோ இடுப்பிலோ பிடிப்பு உள்ளவர்கள் குப்புறப் படுத்ததும் அப்பாடா என்பார்கள். இவன் வயிறு தரையில் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு புரண்டுவிட்டான். அந்த வித்தியாசத்தைப் பார்த்தேன். ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. சைக்கிளில் ஏறும் அவசரம். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, வலது இடுப்பில் பாதத்தை வைத்து மூன்று முறை அழுத்தினேன். அதன் பிறகு அம்மா விளக்கெண்ணெயை வெந்நீரில் கலந்து கொடுத்தாள். நான் குற்றாலம் போய்த் தந்தி கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை லேசாகக் காய்ச்சல் இருந்தது. எண்ணெய் குடித்ததில் நாலைந்து முறை வயிறு போனதால் வந்த அசதி என்றாள் அம்மா. காலையில் மறுபடி மிதித்தேன். சாயங்காலம் அம்மா இரண்டாம் முறை எண்ணெய் கொடுத்தாள். அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. வலது கையைத் தொடையில் ஊன்றி, குனிந்து, அந்தக் காலைத் தரையில் முழுதாகப் பதிக்காமல் கொல்லைப் பக்கம் போய்வந்தான்.

சனிக்கிழமை காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு மூன்றாம் முறை. மூன்றாவது அழுத்தலில் அவன் 'ஹ்' என்று ஒரு மூச்சு விட்டான். சற்று நேரம் அசையாமல் கிடந்தான். பிறகு மெதுவாக வலது காலை நீட்டினான்.

"விட்டுட்டுண்ணே" என்றான். "உள்ள என்னமோ விட்டுக் குடுத்த மாதிரி இருந்துச்சு. வலி போயிட்டு."

முகம் வெளுத்திருந்தது. ஆனால் சிரித்தான். எழுந்து நின்றான். நடந்தான். கோமதியைப் பார்த்து, "மதினி, டாக்டருக்கு எங்க அண்ணன் காலைக் காட்டிப் பாடம் நடத்தச் சொல்லுங்க" என்றான். மூன்று நாளைக்குப் பிறகு ஒரு இட்லி தின்றான்.

சுளுக்கு விட்டதும் அருவித் தண்ணீர் மேலே விழ வேண்டும், அப்போதுதான் மறுபடி பிடிக்காது என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். வண்டி கட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் குற்றாலம் போனோம். அன்று தண்ணீர் மிதமாக விழுந்துகொண்டிருந்தது. அவனைப் பிடித்துக்கொண்டு அருவிக்கு அடியில் நிறுத்தினேன். நான்கு நிமிடம் நின்றிருப்பான். வெளியே வந்தபோது நடுங்கினான். எல்லோரும்தான் நடுங்கினார்கள். துவட்டி, கம்பளியைப் போர்த்தி வண்டியில் ஏற்றினேன். மேலகரம் வரும்போது மற்றவர்களுக்கானால் நடுக்கம் நின்று உடம்பு சூடேறியிருக்கும். அவனுக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு மூன்று கம்பளிக்கு உள்ளே கட்டிலோடு சேர்த்து ஆடினான். பன்னிரண்டரைக்குப் பச்சையாக வாந்தி எடுத்தான். இம்முறை அவனே, "ஆஸ்பத்திரிக்குப் போவோம்ணே" என்றான்.

மத்தியானம் ஒன்றே முக்காலுக்குத் தென்காசி ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

அங்கே இருந்த டாக்டர் வட ஜில்லாக்காரர். ஐம்பதை நெருங்குகிற, அதிர்ந்து பேசாத மனிதர். என்னை அவருக்குத் தெரியும். அந்த வருஷம் தை மாதத்தில் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர் பேசிய கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். எந்த நோயை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதை உடனே காட்ட வேண்டும் என்பதுதான் பேச்சு. சளி, தலைவலி, சின்னக் காயம், ஒரு நாள் பேதி இவற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டியதில்லை. கஷாயமும் ஓய்வும் சுத்தமான துணியும் போதும் என்றார். ஆனால் வாந்தியோடு வயிற்றுவலி வந்து அது ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் எதுவும் கொடுக்காதீர்கள், முக்கியமாகப் பேதிமருந்து கொடுக்காதீர்கள், கொண்டு வாருங்கள் என்றார். இதையெல்லாம் குறிப்பெடுத்து முப்பது வரி எழுதி அனுப்பினேன். பத்திரிகையில் நாலு வரி வந்தது. யார் தலைமை வகித்தார், யார் நன்றி கூறினார் என்பது அந்த நாலு வரி.

டாக்டர் சண்முகத்தின் வயிற்றில் கையை வைத்து மெதுவாக அழுத்தினார். பிறகு சட்டென்று கையை எடுத்தார். அழுத்தியபோது பொறுத்துக்கொண்டவன் கையை எடுத்தபோது அலறினான். உள்ளே சீழ் பிடித்திருந்தால் இப்படித்தான் வலிக்கும் என்று பிறகு சொன்னார். வலது காலை நீட்டிப் பார்த்தார், மறுபடி மடங்கிக்கொண்டது.

"அப்பெண்டிக்ஸ்" என்றார். "குடல்வால். சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் சுண்டுவிரல் மாதிரி தொங்கும். சில பேருக்கு அது குடலுக்குப் பின்னால் இருக்கும். அங்கே தொடையைத் தூக்குகிற தசை இருக்கிறது. வால் வீங்கினால் அந்தத் தசையும் விறைத்துக்கொண்டு காலை நீட்ட விடாது. பார்க்கிறவர்களுக்குச் சுளுக்கு மாதிரி இருக்கும்." என் பக்கம் திரும்பினார். "எத்தனை நாளாக?"

"புதன் சாயங்காலத்திலிருந்து."

"வீட்டில் என்ன செய்தீர்கள்? பேதிமருந்து கொடுத்தீர்களா? யாராவது தடவியோ அழுத்தியோ விட்டார்களா?"

கம்பவுண்டர் நின்றுகொண்டிருந்தார். எதிர்க் கட்டிலில் கால் கட்டோடு ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் என்னிடம் மிதிபட்டுப் போனவர் என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது. டாக்டரோ அந்தக் கூட்டத்தில் நான் குறிப்பெடுத்ததைப் பார்த்தவர்.

"ஒன்றும் இல்லை, சார். வெந்நீர் ஒத்தடம் மட்டும்" என்றேன்.

சண்முகம் என்னைப் பார்த்தான். 

டாக்டர் சற்று யோசித்தார். எதுவும் கொடுக்காமல், அழுத்தாமல் மூன்று நாள் கடந்திருந்தால் உடம்பு தானே அந்த இடத்தைச் சுற்றி வேலி கட்டியிருக்கும். இப்போது திறந்தால் சீழ் வயிறு முழுவதும் பரவும். காலைவரை பார்க்கலாம் என்றார். தண்ணீர்கூட வாயில் விடக் கூடாது. சீழ் கீழே தங்குவதற்காகத் தலைப்பக்கம் உயர்த்திச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். மணிக்கு ஒரு தடவை நாடி பார்த்து எழுதும்படி நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நாடிக் கணக்கு எழுதிய காகிதம் கட்டில் காலில் தொங்கியது. மூன்று மணிக்கு நூற்று நாலு. நாலு மணிக்கு நூற்றுப் பத்து. ஐந்து மணிக்கு நூற்றுப் பதினெட்டு. இந்த எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று சொல்ல வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை. விளக்கேற்றுகிற நேரத்தில் நூற்று இருபத்தாறு. நான் எழுந்து டாக்டர் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே வீடு.

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாள் காலையில் மிதித்தது, எந்த இடத்தில், எத்தனை முறை. எண்ணெய் இரண்டு முறை. சனிக்கிழமை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு வலி விட்டது. அருவி.

அவர் கோபப்படவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்கள் இங்கே வந்து நாலே முக்கால் மணி நேரம்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வலி விட்டது என்றீர்களே, அப்போதுதான் வால் வெடித்திருக்கிறது. வீங்கி இறுகியிருந்தது உடைந்தால் கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருக்கும்."

"நான் மிதித்ததாலா, சார்?"

"அது உதவி செய்யவில்லை. ஆனால் பெரிய கெடுதல் எண்ணெய். ஒரு முனை அடைத்த குழாய் அது. குடலை விரட்டி விரட்டிப் பிழிந்தால் பலவீனமான இடத்தில்தானே கிழியும்? நான் ஒன்றைத்தான் குறை சொல்ல வேண்டுமென்றால் எண்ணெயைச் சொல்லுவேன்."

ஏழே காலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். காஸ் விளக்கு இரண்டு. குளோரபாரம் வாடை வராந்தாவரை வந்தது. ஒன்றேகால் மணி நேரம். வால் கறுத்து, நுனியில் ஓட்டையோடு இருந்ததாகவும் ஒரு தம்ளர் அளவுக்குச் சீழ் இருந்ததாகவும் டாக்டர் சொன்னார். புண்ணை முழுதாகத் தைக்கவில்லை. சீழ் வடிவதற்காக ஒரு ரப்பர் குழாயை வைத்து விட்டிருந்தார்கள்.

பிறகு எட்டு நாள்.

காலையில் குழாயைச் சுற்றிய துணியை மாற்றுவார்கள். அந்த நாற்றத்தை எழுத வேண்டாம். கோமதி பழைய வேட்டிகளைக் கிழித்து, கொதிக்கவைத்து, வெயில் இல்லாத சாரலில் அடுப்பின் மேல் கட்டிக் காயவைத்து, மடித்துக் கொண்டுவருவாள். நாளைக்கு இருபது துண்டு. மூன்று நாளைக்கு வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது. நனைத்த பஞ்சால் உதட்டைத் தொடலாம். உடம்பில் தண்ணீர் வற்றாமல் இருக்கத் தொடையில் பெரிய ஊசி குத்தி உப்புத் தண்ணீரை இறக்குவார்கள். தொடை பூசணிக்காய் மாதிரி வீங்கி, பிறகு மெல்ல வடியும். அவன் மிகவும் அஞ்சியது அதற்குத்தான். ஊசியைக் கண்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான்.

எதிர்க் கட்டில்காரர் பாவூர்சத்திரத்து வண்டிக்காரர். சக்கரம் ஏறிப் பாதம் நசுங்கியிருந்தது. நான்காம் நாள் சண்முகத்துக்குக் காய்ச்சல் இறங்கியதும் அவர்தான் முதலில் பேச்சுக் கொடுத்தார்.

"ஏய்யா போலீஸ்காரரே, வெளிய போனதும் நம்ம வண்டியில வெளக்கு இல்லன்னு கேசு எழுதிராதியும். ஒரே வார்டுல கெடந்த பழக்கம் இருக்கு."

"வெளக்கு வச்சுக்கிட்டாத்தான் என்ன, அண்ணாச்சி?" என்றான் சண்முகம், மெதுவாக.

"எண்ணெய் விக்கிற வெலையில? மாட்டுக்குக் கண்ணு தெரியும்யா."

அவன் சிரிக்கப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "சிரிக்க வைக்காதீங்க. தையல் இழுக்குது."

அம்மா பகல் முழுவதும் கட்டில் ஓரம் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லுவாள்: "வயித்தை நான் முன்னாலயே கழுவி விட்டிருந்தேன். ரெண்டு தடவை எண்ணெய் குடுத்தேன். அதனாலதான் இந்த மட்டுக்காவது தாங்குதான். இல்லன்னா அன்னைக்கே போயிருப்பான்." நர்ஸ் ஒரு முறை தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஐந்தாம் நாள் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். அன்று அம்மா குளிக்கப் போயிருந்தபோது சண்முகம் பேசினான்.

"டாக்டர் கேட்டப்ப நீ ஒண்ணும் செய்யலன்னு சொன்னேல்லா?"

"சொன்னேன். அப்புறம் போய் உள்ளதைச் சொல்லிட்டேன்."

"நானும் சொல்லியிருக்கலாம். படிச்ச ஆளு, தம்பியை மிதிச்சாரான்னு அந்தக் கம்பவுண்டர் சிரிப்பான்னு தோணிச்சு. அதான் சும்மா இருந்தேன்." பிறகு, "அடுத்த தடவை எப்போ ஆள் எடுப்பாங்க?" என்றான்.

"வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுப்பாங்க."

"அதுக்குள்ள தழும்பு ஆறிரும்."

ஆறாம் நாள் சோறு கேட்டான். கொடுக்கவில்லை. ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு விக்கல் தொடங்கியது. தண்ணீர் குடித்து நிற்கிற விக்கல் அல்ல. வயிற்றுக்குள் எரிச்சல் மேலேறி, மூச்சு விடுகிற தசையைத் தொடும்போது வருவது என்றார் டாக்டர். கீழே, குழாய் எட்டாத இடத்தில் மறுபடி சீழ் சேர்ந்திருந்தது. அன்று மாலை இன்னொரு வழியாகத் திறந்து விட்டார்கள். நிமிடத்துக்குப் பன்னிரண்டு விக்கல் எண்ணினேன். மறுநாள் பதினெட்டு. வண்டிக்காரர் பேசுவதை நிறுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கண்கள் உள்ளே போய், மூக்கு கூர்ந்து, சண்முகத்தின் முகம் எங்கள் குடும்பத்தில் யாருடைய முகத்தைப் போலவும் இல்லாமல் ஆகிவிட்டது. கோமதி துணி மூட்டையோடு வந்து நின்றவள் அதைக் கீழே வைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு விக்கல் நின்றது. அம்மா நிம்மதியோடு நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவன் கையை எடுத்து அவன் மார்பின் மேலேயே வைத்தாள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். டாக்டர் வந்து பார்த்தார். உடலை வீட்டுக்குக் கொண்டுபோக வண்டிக்குச் சொல்லி அனுப்பினோம். வண்டி வருவதற்குள் காகிதங்களை முடிக்க வேண்டியிருந்தது. நோயாளியின் தாளில் 'சேர்க்கும் முன் செய்த சிகிச்சை' என்று ஒரு வரி உண்டு. அதில் முதல் நாள் நான் சொன்னதைக் கேட்டு 'ஒத்தடம் மட்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைத் திருத்த வேண்டும் என்றேன்.

"இனி அதனால் என்ன ஆகப் போகிறது?" என்றார் டாக்டர்.

"பதிவில் தவறு இருக்கக் கூடாது, சார்."

அவர் பழைய வரியை அடித்து, புதிதாக எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அம்மா பின்னால் வந்து நின்றிருந்தாள். அவளுக்குத் தமிழும் வாசிக்கத் தெரியாது.

"அதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"சேக்கிறதுக்கு முந்தி வீட்டுல என்ன செஞ்சோம்னு எழுதியிருக்கு."

"வாசி."

"மூணு நாள் காலையில அண்ணன் காலால மிதிச்சான். அருவியில குளிப்பாட்டுனான்" என்று வாசித்தேன்.

டாக்டர் புதிதாக எழுதிய வரி 'விளக்கெண்ணெய், இரண்டு முறை' என்றுதான் தொடங்கியது; அதை நான் வாசிக்கவில்லை.